செவ்வாயில் நிலத்தடிச் சூட்டைத் தேடுவது எப்படி? இரவுப் படத்தில் ஏமாறாமல்!

ஜேமார்ஸை நிறுவிக்கொள்ளுங்கள். கோள்களின் படங்களை வரைபடமாகப் பார்க்க அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் தரும் இலவச மென்பொருள். கியூஜிஐஎஸ் என்ற பொது வரைபட மென்பொருளிலும் செய்யலாம், படங்களை இறக்கிப் பொருத்துவதற்குள் ஆர்வம் வடிந்துவிடும்.

1. இடம். செர்பரஸ் பிளவுகளுக்குப் போங்கள்: 10° வடக்கு, 160° கிழக்கு வாக்கில். நாசாவின் தரையிறங்கு கலமான இன்சைட் 2019-இல் பதிவுசெய்த பெரிய அதிர்வுகள் இங்கிருந்துதான் வந்தன. சுமார் 53,000 ஆண்டுகள் மட்டுமே பழைய எரிமலைப் படிவு ஒன்றும் இங்கே இருப்பதாக 2021-இல் கணித்தார்கள். பழைய கட்டுரைகளில் மேற்குத் தீர்க்கரேகை இருக்கும்; 200° மேற்கும் 160° கிழக்கும் ஒரே இடம்.

2. படம். மார்ஸ் ஒடிசி சுற்றுக்கலத்தின் தெமிஸ் கேமரா எடுத்த அகச்சிவப்புப் படங்களைத் தேடுங்கள். ஒரு புள்ளி 100 மீட்டர். பெயர் 'ஐ' என்று தொடங்கினால் அகச்சிவப்பு, 'வி' என்றால் சாதாரண ஒளி. விடியலுக்கு முந்தையது ஒன்று, பிற்பகலுடையது ஒன்று. இரண்டும் ஒரே பருவம்.

3. வெப்பநிலை. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். கோள் முழுவதற்குமான இரவு ஒட்டுப்படத்தில் வெளுப்பாகத் தெரிவதைச் சூடு என்று குறித்துக்கொள்கிறார்கள். அந்தப் படம் கண்ணுக்காக வெளிச்சம் கூட்டிக் குறைத்தது. அதில் வெப்பநிலை கிடையாது. தனிப் படத்தின் வெப்பநிலைக் கோப்பைத் திறந்து கெல்வினில் எண்ணைப் படியுங்கள்.

எண் கூடுதலாக வந்தாலும் அவசரம் வேண்டாம். பாறை பகல் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் மெல்ல விடும்: இரவில் சூடு, பகலில் சுற்றுப்புறத்தைவிடக் குளிர். மெல்லிய கருமணல் பகலில் சூடேறி இரவில் சட்டென்று ஆறும். பிளவுச் சுவர்களுக்கு வானம் கொஞ்சம்தான் தெரிகிறது, ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். அதனால் சுவரை விட்டுத் தட்டையான அடித்தளத்தை மட்டும் அளவிடுங்கள். இரவிலும் பகலிலும் சூடாக இருந்தால்தான் மேலே போகலாம். கரும்பாறையும் அப்படிக் காட்டும், சிடிஎக்ஸ் (எம்ஆர்ஓ சுற்றுக்கலத்தின் கறுப்பு-வெள்ளைக் கேமரா) படத்தில் எவ்வளவு கறுப்பு என்று பாருங்கள்.

ஒரு கணக்கு. 180 கெல்வின் நிலம் சதுர மீட்டருக்குச் சுமார் 60 வாட் கதிர்வீசுகிறது. அதை ஒரே ஒரு கெல்வின் உயர்த்த அடியிலிருந்து சுமார் 1.3 வாட் வேண்டும். செவ்வாயின் சராசரி உள்வெப்பம் 20–30 மில்லிவாட் என்பது மதிப்பீடு. நேரடியாக அளக்கப் போன இன்சைட்டின் துளைப்பானால் மண்ணுக்குள் போதிய ஆழம் இறங்க முடியவில்லை. அதாவது ஐம்பது மடங்கு கூடினால்தான் ஒரு கெல்வின். தெமிஸ் இதுவரை அப்படி ஓரிடத்தையும் உறுதிசெய்யவில்லை.

4. அதனால் ஆறிப்போன வெந்நீர் ஊற்றுகளை, அவை விட்டுச்சென்ற சிலிக்காவை வைத்துத் தேடுங்கள். பலன் இதில்தான் அதிகம். எம்ஆர்ஓவின் நிறமாலைக் கருவியான கிரிசம் தரும் நிறமாலையில் நீரேறிய சிலிக்கா 1.4, 1.9 மைக்ரானிலும் 2.2-ஐ ஒட்டியும் பள்ளம் காட்டும். 2.2 பள்ளம் அகலமாக இருக்க வேண்டும். ஒடுங்கியிருந்தால் அலுமினியக் களிமண்ணாக இருக்கலாம். பள்ளமே தெரியாவிட்டால், அதே நெடுவரிசையில் தனி அடையாளம் எதுவும் இல்லாத சப்பென்ற புள்ளியைத் தேர்ந்து அதனால் வகுங்கள். கருவியின் கோளாறு நெடுவரிசைக்கு நெடுவரிசை மாறுவதால் பக்கத்து நெடுவரிசையை எடுத்தால் பொய்ப் பள்ளம் வரும்.

பயிற்சிக்கு சிர்ட்டிஸ் மேஜர் எரிமலைப் பகுதியின் நிலி பட்டேரா போதும். அங்குள்ள எரிமலைக் கூம்பில் சிலிக்கா மேடுகள் 2010-இல் தெரியவந்தன. குசேவ் பள்ளத்தில் ஸ்பிரிட் ஊர்தியின் சுழலாத சக்கரம் 2007-இல் கீறிக் காட்டிய 90 சதவீத சிலிக்கா சிறு திட்டு, அதில் தொடங்காதீர்கள்.

பின்சேர்க்கை: ஒரே இடத்தின் இரண்டு இரவுப் படங்கள் ஒத்துவராவிட்டால் உள்ளூர் நேரத்தைப் பாருங்கள். ஒடிசியின் சுற்றுப்பாதை ஆண்டுகளில் நகர்ந்திருக்கிறது. மாலை முடிந்து எடுத்ததில் மிச்சச் சூடு இன்னும் இருக்கும்.