வறண்ட பாலாறு காலிமனை அல்ல: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டின் பெரும்பகுதி பாலாற்றில் தண்ணீர் ஓடுவதில்லை. அதனாலேயே வேலூர், காட்பாடி, வாலாஜா என்று கரையோரம் வாழும் நாம் அதைக் காலிமனையாக நினைக்கப் பழகிவிட்டோம். அங்குள்ள உயிர்களுக்கு நாம் செய்யும் கெடுதல் பெரும்பாலும் இந்த நினைப்பில்தான் தொடங்குகிறது.

மணல்திட்டில் நடக்கும்போது ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே தலைக்கு மேல் பாய்ந்தால் அங்கேயே நிற்காதீர்கள். பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. கூடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. கூழாங்கற்களுக்கு நடுவே சிறு பள்ளம். அதில் கரும்புள்ளி போட்ட நான்கு முட்டைகள், கூர்முனை உள்நோக்கியபடி. குனிந்து பார்த்தாலும் கல்லா முட்டையா என்று சந்தேகம் வரும். கத்தரி வெயிலில் இந்தப் பறவை குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். நீங்கள் படம் எடுக்க நிற்கும் நேரமெல்லாம் அது திரும்ப முடியாது. முட்டைகள் வெயிலில் வேகும். வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். தரையோடு ஒட்டிப் படுத்திருக்கும் குஞ்சை, தாயில்லாதது என்று எண்ணி வீட்டுக்குத் தூக்கிவராதீர்கள். அப்படிப் பதுங்குவதுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு.

பாலாமைக்கு நேரும் கதி இன்னும் மோசம். கோடையில் சேற்றுக்குள் புதைந்து கிடந்துவிட்டு, மழை பெய்ததும் நீர் தேடி ரோட்டைக் கடக்கும். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று விரட்டுகிறவர்கள் ஒருபுறம். நல்லெண்ணத்தோடு தூக்கிக் கிணற்றில் போடுகிறவர்கள் மறுபுறம். கட்டுக்கிணற்றில் விழுந்த ஆமை கரையேறி முட்டையிட வழியே இல்லை. அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே ரோட்டைத் தாண்டி விடுங்கள், போதும். தொட்டியில் வளர்க்க ஆசைப்படாதீர்கள். ஆமையையோ உடும்பையோ பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

2021 நவம்பரில் வந்ததைப் போன்ற வெள்ளம் வந்தால் பாம்புகள் மேடு தேடி வீடுகளுக்குள் நுழையும். உடம்பில் கட்டம் போட்ட தண்ணீர்ப்பாம்புக்கு விஷம் இல்லை. சீண்டினால் கடிக்கும், அவ்வளவுதான். அதை அடித்துக் கொல்வது வீண் கொலை. ஆனால் எலியைத் தேடி நாணல் ஓரத்துக்கு வரும் கண்ணாடி விரியன் அப்படியல்ல. இரவில் டார்ச் இல்லாமல் கரையில் நடக்காதீர்கள். பாம்பு கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். எந்தப் பாம்பு என்று தேடிக்கொண்டும் நிற்க வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். வேலூர்ப் பக்கம் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை இருக்கிறது.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் யானை இறங்கினால் கூட்டம் கூடிப் பட்டாசு வெடிக்காதீர்கள். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.

நாணலுக்குத் தீ வைப்பதை மன்னிக்கவே முடியாது. கீரிக்கும் கானாங்கோழிக்கும் ஒதுங்க இருக்கும் கொஞ்ச இடமும் அதுதான். மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று: அறுந்த நைலான் வலையை மடுவிலேயே விட்டுவராதீர்கள். ஆமையும் தண்ணீர்ப்பாம்பும் மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் நீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். சுருட்டி எடுத்துவந்து குப்பையில் போடுங்கள்.