மேகாங் கப்பல் பயணமா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

கம்போடியாவின் சியம் ரீப்பிலிருந்து வியட்நாம் வரை கப்பலில் போக ஆசைப்படுபவர்கள், கட்டணத்தைப் பார்க்கும் முன் எந்த மாதம் என்று பாருங்கள். மழைக்காலத்தில் மேகாங் ஆறு பெருகி, தன்னில் வந்து சேரும் தொன்லே சாப் ஆற்றையே எதிர்த்திசையில் ஓடவைத்து, சியம் ரீப் பக்கமுள்ள தொன்லே சாப் ஏரியை நிரப்பிவிடும். அந்தத் தண்ணீர் வடிந்துபோன மாதங்களில் பெரிய கப்பல் ஏரிக்குள் வர முடியாது, கப்பல் ஏற மேகாங் கரையிலுள்ள கம்போங் சாம் ஊர் வரை பல மணி நேரம் பேருந்தில்தான் கூட்டிப்போவார்கள். மிதக்கும் கிராமங்களை ஏரி நிறைந்திருக்கும்போது பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை போங்கள், மழையில் கொஞ்சம் நனைந்தாலும் பரவாயில்லை.

அங்கோர் வாட்டுக்குக் கப்பல்காரர்கள் அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள் என்றால், கப்பல் ஏறுவதற்கு முன்பே ஓரிரு நாள் சியம் ரீப்பில் தங்கிவிடுங்கள். அந்தக் கோயிலின் கிழக்குச் சுற்று மண்டபச் சுவரில், தெற்குப் பாதி முழுக்கச் சுமார் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த கதை, அவசரமாகக் கடந்துபோக மனசே வராது. காலை வெயில் அந்தப் பக்கம்தான் விழும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம்.

சைவக்காரர்கள் முன்பதிவின்போதே மீன் சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள், காய்கறிக் குழம்பிலும் அதை ஊற்றுவார்கள்.