கிளியோ வி6: வாங்கும் முன்பும் ஓட்டும் முன்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெனோவின் சின்ன காரான கிளியோவின் வேக வடிவம்தான் கிளியோ வி6. இதன் போனட்டைத் திறந்து இன்ஜினைத் தேடாதீர்கள். பின்சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் 3 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) இன்ஜினைக் குறுக்காக உட்கார வைத்திருக்கிறார்கள். அது சுழற்றுவது பின்சக்கரங்களை. உட்கார இரண்டு பேருக்குத்தான் இடம்.

முகம் கிளியோவுடையது என்பதால் கிளியோ போலவே ஓட்டிவிடலாம் என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. சாதாரண கிளியோ போன்ற, முன்சக்கர இழுவை உள்ள சின்ன காரில், வளைவுக்குள் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்போம். மூக்கு உள்பக்கம் திரும்பும், தப்பித்துவிடுவோம். இதில் அதே வேலையைச் செய்தால் எடை சட்டென்று முன்னால் சாயும், பின்டயர்களின் பிடி குறையும், முதுகுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கனமான இன்ஜின் வண்டியின் வாலை வெளியே வீசும். ஈரமான ரவுண்டானாவில் இதற்குப் பெரிய வேகம்கூட வேண்டாம். பிரேக்கை நேர் சாலையிலேயே முடித்துவிடுங்கள். வளைவுக்குள் கால் சீராக இருக்கட்டும். குறைத்தே ஆகவேண்டும் என்றால் மெல்லக் குறையுங்கள்.

இரண்டு தலைமுறைகளையும் ஒன்றாக நினைப்பது அடுத்த தவறு. 2001-இல் வந்தது சுவீடனின் உத்தேவல்லாவில் டிடபிள்யூஆர் என்ற பந்தயக் கார் நிறுவனம் தயாரித்தது, 230 குதிரைத்திறன். 2003-இல் வந்தது பிரான்சின் தியெப் ஆலையில் உருவானது, 255 குதிரைத்திறன். திறனைவிட முக்கியமானது, இரண்டாவதில் வீல்பேஸை (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை) நீட்டி, சஸ்பென்ஷனைத் திருத்தி, அந்த முரட்டுக் குணத்தை நன்றாகவே அடக்கிவிட்டார்கள். இரண்டாவதைப் பற்றிய பாராட்டைப் படித்துவிட்டு முதலாவதை விரட்டாதீர்கள்.

அப்புறம் டயர். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு, மாற்றிப் போட முடியாது. குறைவாக ஓடிய வண்டியில் டயர் புதிது போலவே தெரியும். அதை நம்ப வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ரப்பர் இறுகிப்போன பின்டயரோடு இந்தக் காரை ஓட்டிப் பார்க்கவே கூடாது.

இன்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள், வருடக் கணக்கும் உண்டு. மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள்.

முன்சக்கர இழுவை கொண்ட, 172 குதிரைத்திறன் கிளியோ 172-ஐவிட இது பல மடங்கு வேகம் என்று எதிர்பார்ப்பதும் தவறு. அதைவிட ஏறக்குறைய 300 கிலோ எடை கூடுதல். இதன் சுகம் வேறு, காதுக்குப் பின்னால் எழும் அந்த வி6 சத்தம்.

கடைசியாக, பாடி. இன்ஜின் ரெனோவின் இன்னொரு காரான லகுனாவிலும் இருந்ததுதான். ஆனால் கதவுக்குப் பின்னால் காற்று உறிஞ்சும் துளையோடு புடைத்திருக்கும் அந்தப் பக்கப் பேனல்கள் இந்தக் காருக்கு மட்டுமே உரியவை. மொத்தமே 3,000-க்கும் குறைவான கார்கள்தான் வந்தன. அதனால் விலை பேசுவதற்கு முன், இரண்டு பக்கமும் குனிந்து, கதவுக்கும் பேனலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். மாறுபட்டால், அடிபட்டுச் சரிசெய்த வண்டியாக இருக்கலாம்.