லண்டன் விமானத்துக்கு மணிக்கணக்கு போடுவது எப்படி
மகள் லண்டனுக்குப் படிக்கப் போனதிலிருந்து, எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் பலரும் என்னிடம்தான் இந்தக் கணக்கைக் கேட்கிறார்கள்.

சென்னையிலிருந்து லண்டன் வான்வழியில் சுமார் 8,200 கி.மீ. அதை விமானத்தின் வேகத்தால், அதாவது மணிக்கு 850 கி.மீ. என்று வைத்து வகுத்து, ஏற இறங்க அரை மணி சேருங்கள். மேற்கே போகும்போது எதிர்க்காற்று. இன்னொரு அரை மணி கூட்டினால் பத்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இங்கேதான் குழப்பமே. காலை 5.30க்குக் கிளம்பி 11.30க்கு இறங்கினால் பயணம் ஆறு மணி நேரம் இல்லை. கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி பின்னால், அதையும் கூட்டுங்கள். குளிர்காலத்தில் ஐந்தரை.

அப்புறம், மூன்று மணி நேரம் முன்னதாக மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். தண்டையார்பேட்டையிலிருந்து நேர் மெட்ரோ உண்டு, ஆனால் நள்ளிரவில் ஓடாது. விடியற்காலை விமானம் என்றால் முதல் நாளே கார் சொல்லிவிடுங்கள்.