தூய பொருளா, கலவையா?

பால் பாக்கெட்டில் ‘தூய பசும்பால்’ என்று போட்டிருந்தால் போதும், என் வகுப்புப் பிள்ளைகள் அதைத் தூய பொருள் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். வேதியியலில் தூய பொருள் என்றால் ஒரே பொருள் மட்டும்தான் இருக்க வேண்டும். பால் கலவைதான்: நீர், கொழுப்பு, புரதம், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை எல்லாம் அதில் உண்டு.

வடிகட்டியோ, வற்றவைத்தோ, காந்தம் காட்டியோ பிரிக்க முடிகிறதா? முடிந்தால் கலவை. கண்ணை மட்டும் நம்பாதீர்கள். உப்புக் கரைசல் பார்க்கத் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும். எவர்சில்வர் கரண்டியில் கொஞ்சம் ஊற்றி அடுப்பில் காட்டுங்கள்; வற்றியதும் வெள்ளையாக உப்பு ஒட்டியிருக்கும். ஆய்வக வெப்பமானி கிடைத்தால் இன்னும் நல்லது. கடல்மட்டத்தில் தூய நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதித்து, வற்றும்வரை ஏறக்குறைய அங்கேயே நிற்கும். உப்பு நீர் அதற்கு மேலே கொதிக்கத் தொடங்கும், வற்ற வற்ற இன்னும் ஏறும்.

சரி, தூய பொருள்தான் என்று தெரிந்துவிட்டதா? வேதிமுறையில் உடைத்துப் பாருங்கள். மின்னாற்பகுப்பில், அதாவது மின்சாரம் செலுத்தினால், நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும், அது சேர்மம். செம்பு எதனாலும் அப்படிப் பிரியாது, தனிமம்.

அப்புறம் என் 22 காரட் வளையலைக் காட்டுவேன். “தனிமம் மிஸ்!” என்று வகுப்பே கத்தும். தங்கம் 91.6 சதவீதம்தான், மிச்சம் செம்பு, வெள்ளி போன்றவை. கலவை!