இழுப்பு மருந்தும் இராத்திரி அலறலும்: நான் எழுதிய கொப்பி

போன மழைக்காலத்தில் ஒரு நாள், இராத்திரி ஒன்றரை மணிக்கு என் ஆறு வயது மகன் எழுந்து உட்கார்ந்து, சுவரெல்லாம் அட்டை ஏறுகிறது என்று கத்தினான். இலங்கை மலைநாட்டில் எங்கள் தலவாக்கலைப் பக்கம் அட்டைக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் அன்றைக்கு எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) சுவரில் ஒன்றுகூட இல்லை. மாமியார் திருநீறு பூசினார். இரண்டு நாள் கழித்து, பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிட்டான் என்று டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். நான் அவனை அடித்தேன். இழுப்புக்குக் (ஆஸ்துமா) கொடுத்த மருந்துதான் காரணமாக இருக்குமோ என்று எனக்குத் தோன்ற இன்னும் பத்து நாள் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிள்ளையின் குணம் திடீரென்று மாறினால், முதலில் மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். எது புதிது, என்றைக்குத் தொடங்கியது?

மூச்சில் இழுக்கும் நீல பம்பில் இருப்பது சல்பியூட்டமோல். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பிள்ளை ஓரிடத்தில் உட்காராது. சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அதையே பாணியாக, அதாவது குடிக்கும் மருந்தாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை கூடும். பம்ப் பிடித்தால் பழகிப்போகும் என்று பயந்து பாணியையே கேட்டு வாங்குகிறவர்கள் எங்கள் தோட்டத்தில் நிறையப் பேர். நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான்.

இழுப்பு கடுமையானால் சில நாளுக்குத் தருகிற பிரெட்னிசொலோன், பசியையும் கோபத்தையும் கிளப்பும், தூக்கத்தைக் கெடுக்கும். காலையில் சாப்பாட்டோடு கொடுக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். இழுப்புக்குத் தரும் இன்னொரு மருந்தான தியோஃபிலினும் தூக்கத்தைக் கெடுக்கும், அது தேத்தண்ணியில் இருக்கும் கஃபீனுக்கு உறவுக்காரன். அதனால் பின்னேரப் பிளேன்டீயை நிறுத்தினேன். தேயிலை மலையில் பிறந்த பிள்ளைக்குத் தேத்தண்ணி இல்லையா என்று மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என் மகனுக்குப் புதிதாகத் தொடங்கியிருந்தது, இழுப்பு வராமல் தடுக்கத் தரும் மொண்டெலுகாஸ்ட். பின்னேரத்தில் மென்று தின்னும் மாத்திரை, 2 முதல் 5 வயதுவரை 4 மில்லிகிராம், 6 முதல் 14 வரை 5 மில்லிகிராம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் சிலருக்குக் கெட்ட கனவு, தூக்கத்தில் நடப்பது, மூர்க்கம், மனச்சோர்வு, இல்லாததைக் காண்பது, சாக வேண்டும் என்ற எண்ணம்கூட வரலாம். இதற்காகவே 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் பெட்டி கட்டிப் போட வைத்தது.

முதல் தடவை கிளினிக்கில் சொன்னபோது, பிள்ளைகள் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். நான் தேதி இல்லாமல் அழுதுகொண்டே சொன்னேன், யார்தான் என்ன செய்வார்கள்? அப்புறம்தான் நாற்பது பக்கக் கொப்பி வாங்கினேன். காலையில் பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்) போகும் முன் நாலே வரி: எந்த மருந்து, எத்தனை மணிக்கு, இராத்திரி எத்தனை தரம் எழுந்தான், அப்போது இருமலோ இழுப்போ இருந்ததா.

அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இழுப்பு கட்டுக்குள் இல்லாவிட்டாலும் பிள்ளை இராத்திரி எழும், பகலில் எரிந்து விழும். அடுப்புப் புகை காம்பராவுக்குள் (அறைக்குள்) வந்த நாளையும் குறித்தேன், மூன்று நாள் வெயில் காணாத கம்பளியைப் போர்த்திய நாளையும் குறித்தேன். மகன் அலறிய ஒன்பது இரவில் ஏழில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. அந்த ஏழு இரவையும் கண்டதும் டொக்டர் மாத்திரையை நிறுத்தினார், இழுப்பு வராமல் தடுக்கத் தினமும் பிடிக்கும் பழுப்பு பம்பைத் தொடரச் சொன்னார். ஒரு வாரத்தில் அட்டைகள் போய்விட்டன. சில பிள்ளைகளுக்கு நிறுத்திய பிறகும் கொஞ்ச காலம் தொடருமாம்.

மாற்றம் கண்டால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல், அன்றைக்கே மொண்டெலுகாஸ்டைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள். சாகப் போகிறேன் என்றாலோ, தன்னைத்தானே காயப்படுத்தினாலோ, அந்த இராத்திரி மாத்திரை வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. ஆனால் அந்தப் பயத்தில் பழுப்பு பம்பையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போனால், விலா உள்ளிழுத்தால், உதடு நீலமானால் 1990 என்ற எண்ணில் அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்கள். எங்கள் லயத்துக்கு அம்பியூலன்ஸ் வராது, தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) வரைதான் வரும். அதுவரை தூக்கிப்போக ஆளை முன்பே பேசி வைத்திருக்கிறேன். மனக்கஷ்டம் தாங்காத பெற்றோர் பேச 1926 என்ற மனநல உதவி எண் இருக்கிறது.

அலறும்போது உலுக்கி எழுப்பாதீர்கள். பெரிய லைட்டும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா இருக்கேன் தம்பி" என்று மெதுவாகச் சொன்னால் போதும். காலையில் அக்கம்பக்கத்தார் முன்னால் அதைச் சொல்லிச் சிரிக்க விடாதீர்கள். டீச்சரிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். அவனை முன்வரிசையில் உட்கார வைத்தார்.

இன்னொன்று. ஒரே மருந்து பல பெயரில் விற்கும். அதனால் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் "மொண்டெலுகாஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை" என்று எழுதி வைத்தேன். போன மாதம் வேறொரு டொக்டர் அதையே வேறு பெயரில் எழுதினார். கொப்பியைத் திருப்பிக் காட்டினேன், வெட்டிவிட்டார்.