குளிரில் காணாமல் போன எதிரொலி

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் சின்ன ஆய்வகம். திரவ நைட்ரஜன் கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாக வரும். அதில் கண்ணாடியைக் குளிரவைத்து, உள்ளே ஒலிவேகம் எப்படி மாறுகிறது என்று வந்த அன்றே அளந்தாக வேண்டும், நாளை என்றால் நைட்ரஜன் பாதி ஆவியாகிவிடும்.

20 மில்லிமீட்டர் தடிமனுள்ள, தூய சிலிக்காவால் ஆன கண்ணாடி. ஒலியை எழுப்பவும் வாங்கவும் ஒரு குவார்ட்ஸ் தகட்டை எபாக்சிப் பசையால் அதில் ஒட்டி, மீயொலித் துடிப்பு (காதுக்குக் கேட்காத ஒலி) அனுப்பினேன். அறை வெப்பநிலையில் எதிரொலி சுமார் 6.7 மைக்ரோ விநாடியில் அழகாகத் திரும்பியது. குளிரவிட்டால் பாதி வழியிலேயே காணோம். மூன்று முறை இப்படி.

வெளியே எடுத்துப் பார்த்தால் ஒட்டு விரிசல் விட்டிருந்தது. குளிரில் எபாக்சி நிறையச் சுருங்கும். சிலிக்கா கிட்டத்தட்டச் சுருங்கவே சுருங்காது. எபாக்சியைச் சுரண்டிவிட்டு, சிலிக்கோன் கிரீஸை ஒரு பொட்டு வைத்து, குமிழி இல்லாமல் அழுத்தித் தேய்த்தேன். நைட்ரஜன் ஆவியில் தொங்கவிட்டு இரண்டு மணி நேரம் மெல்ல மெல்ல இறக்கினேன். 77 கெல்வின் (சுமார் −196 °C) வரை எதிரொலி நின்றது!

ஆனால் குளிரக் குளிர ஒலிவேகம் குறைந்தது. குளிர்ந்தால் பொருள் விறைத்து வேகம் கூடுவதுதான் வழக்கம். மறுபடி ஒட்டுதான் என்று பயந்து, அதே முறையில் சாதாரண ஜன்னல் கண்ணாடியை வைத்தேன். அதில் வேகம் கூடியது. ஒட்டில் குறையில்லை. சிலிக்காவின் குணமே அது: சுமார் 70 கெல்வின் வரை குளிரக் குளிர விறைப்பு குறைந்து, அதற்கும் கீழேதான் மறுபடி விறைக்கும்.